உயில் எழுதக் கூடாதவர்கள்

1871ஆம் ஆண்டின் 27ஆம் சட்டத்தைத் தமிழ் வாசகர்கள் குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற பெயரில் அறிவார்கள். அதற்கு இரண்டு பாகங்கள் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது. முதல் பாகம் சில சாதிகளையும் நாடோடிக் கூட்டங்களையும் பிறவிக் குற்றவாளிகள் என்று அறிவிக்க வழி செய்தது. 24ஆம் பிரிவில் தொடங்கும் இரண்டாம் பாகம் வட இந்தியாவின் ஹிஜ்ராக்களைக் குறிவைத்தே எழுதப்பட்டது. அதில் 26ஆம் பிரிவுதான் அதிகம் பேசப்படுவது. பதிவேட்டில் பெயர் ஏறிய ஒருவர் பெண் உடையிலோ நகை பூட்டியோ தெருவில் தென்பட்டால், பொது இடத்தில் ஆடினால், கூலிக்கு ஒரு வீட்டுக்குள் போய் வாத்தியம் வாசித்தால்கூட வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உடுத்திய உடைக்காகச் சிறை என்பது கேட்டவுடன் சுருக்கென்று தைக்கும். அதனால் மேடையிலும் கட்டுரையிலும் இந்தப் பிரிவே முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூன்று பிரிவு தள்ளி 29ஆம் பிரிவு இருக்கிறது. பதிவானவர் எந்தச் சிறுவருக்கும் காப்பாளராக இருக்க முடியாது, எதையும் தானமாக எழுதிக் கொடுக்க முடியாது, உயில் எழுத முடியாது, மகனைத் தத்தெடுக்க முடியாது. இந்தப் பிரிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இத்தொடரின் இந்தப் பகுதியில் நான் நிறுவ முயல்வது இதுதான்: ஹிஜ்ரா சமூகத்தின் வேரை அறுத்தது உடைத் தடை அல்ல, இந்த வாரிசுத் தடைதான். பிற்காலச் சட்டங்கள் உடையைத் திருப்பிக் கொடுத்தன, பெயரைத் திருப்பிக் கொடுத்தன. வாரிசைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கத் தயங்குகின்றன.

இதைச் சொல்லத் தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தில்லி சுல்தான்கள், முகலாயர்கள் காலத்தைத் திருநர்களின் பொற்காலமாகக் காட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. அதற்கு முதல் சாட்சியாக நிறுத்தப்படுபவர் மாலிக் காஃபூர். 1299 குஜராத் படையெடுப்பில் காம்பே துறைமுகத்தில் பிடிபட்ட அடிமை அவர். அலாவுதீன் கில்ஜியின் தளபதியாக உயர்ந்து 1311இல் மதுரை வரை வந்து கொள்ளையிட்டுப் போனார். 1316இல் சுல்தான் இறந்த சில வாரங்களிலேயே அவரும் கொல்லப்பட்டார். இவரையும், பின்னால் முகலாய அந்தப்புரங்களைக் காத்த குவாஜாசராக்களையும் இன்றைய திருநங்கையரின் முன்னோர் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் சிறுவயதில் ஆண்மை நீக்கப்பட்டு விற்கப்பட்டவர்கள். ஆண் உடையில், ஆண் பட்டங்களோடு, ஆண்களாகவே வாழ்ந்தவர்கள். வங்காளத்தின் சில்ஹட் பக்கம் வரிக்குப் பதிலாகப் பிள்ளைகளை ஆண்மை நீக்கிக் கொடுக்கும் வழக்கம் இருந்ததையும், அதைத் தடைசெய்து தான் ஆணையிட்டதையும் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தை யாருடைய பொற்காலம் என்று சொல்வது? ஒருவர் தானாகத் தேர்ந்த பாலின வாழ்வுக்கும் அடிமைச் சந்தையில் ஒரு சிறுவன் மேல் நடந்த வன்முறைக்கும் வேறுபாடு உண்டு. அதை மறந்துவிட்டு எழுதப்படும் பெருமை வரலாறு எதிராளியின் கையில் நாமே கொடுக்கும் ஆயுதம்.

ஆனாலும் குவாஜாசராக்களின் கதையில் நம் வாதத்துக்கு உதவும் ஒன்று உண்டு. பெற்ற பிள்ளை இல்லாதவருக்கும் வாரிசு இருக்க முடியும் என்பதை அக்காலத்து அரசியல் ஏற்றிருந்தது. துக்ளக் அரசில் அமைச்சராக இருந்த மாலிக் சர்வர் என்ற குவாஜாசரா 1394இல் ஜான்பூருக்கு அனுப்பப்பட்டு, அங்கே தனி ஆட்சியையே அமைத்துக்கொண்டார். 1399இல் அவர் இறந்தபோது அரியணை ஏறியவர் அவருடைய வளர்ப்பு மகன் முபாரக் ஷா. ஷர்க்கி வம்சம் என்று பெயர்பெற்ற அந்த ஆட்சி 1479 வரை நின்றது. ஜான்பூரின் அடாலா மசூதியை இன்றும் போய்ப் பார்க்கலாம். அது அந்த வம்சம் கட்டி முடித்தது. பிள்ளை பெற முடியாத ஒருவரிடமிருந்து தொடங்கிய வம்சம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. தத்தும் வளர்ப்பும் இரத்தத்துக்கு ஈடாக நின்ற உலகம் அது.

ஹிஜ்ராக்களின் கதை இதற்குப் பக்கத்தில் ஓடும் வேறு ஒரு கதை. அவர்கள் அரண்மனைக்குள் இல்லை, ஊரில் இருந்தார்கள். குழந்தை பிறந்த வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பாடி ஆடி, வாழ்த்திக் காசும் துணியும் தானியமும் பெறுவது அவர்களுடைய தொழில். பதாயி என்று அதற்குப் பெயர். இந்த ஊர்கள், இந்தத் தெருக்கள் இன்ன வீட்டாருக்கு என்று எல்லை பிரித்துக்கொண்டார்கள். வீடு என்பது குருவும் அவருடைய சீடர்களான சேலாக்களும் சேர்ந்தது. புதிதாக வருபவர் ஒரு குருவை ஏற்பார். சம்பாத்தியத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுப்பார். குரு சோறு போட்டு, தொழில் கற்றுக் கொடுத்து, நோயில் பார்த்துக்கொள்வார். குரு இறந்தால் வீடும் பாத்திர பண்டமும் பதாயி எல்லையும் சேலாக்களுக்கு வரும். இன்றைக்கும் தமிழ்நாட்டுத் திருநங்கையரின் ஜமாத்துகளில் குரு, சேலா, அம்மா, மகள், நானி என்று உறவு சொல்லி அழைப்பதைக் கேட்கலாம். பிறந்த வீடு கைவிட்ட ஒருவர் கட்டிக்கொண்ட இரண்டாவது குடும்பம் அது. அந்தக் குடும்பம் ஒரு தலைமுறையோடு முடியாமல் இருந்ததற்குக் காரணம் இந்த வாரிசு முறைதான்.

இந்த முறையை அரசும் ஒரு காலத்தில் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது என்பதற்குத் தக்காணத்தில் சான்று இருக்கிறது. மராட்டிய ஆட்சியில் ஹிஜ்ராக்களுக்குச் சிறு நில மானியங்களும் ரொக்கப் படிகளும், குறிப்பிட்ட பகுதியில் ஊர்தோறும் தானம் வாங்கும் உரிமையும் சனது மூலம் வழங்கப்பட்டிருந்தன. ஊர்க் கணக்கில் மற்ற மானியக்காரர்களோடு அவர்களும் ஒரு வரி. ஆட்சி கம்பெனியின் கைக்கு வந்ததும் பம்பாய் மாகாண அதிகாரிகளுக்கு இது உறுத்தியது. கோயில் குருக்கள் மானியத்தையும் தர்கா மானியத்தையும் வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள், குரு இறந்தபின் சேலாவுக்கு அதே உரிமை உண்டா என்ற கேள்வியில் தடுமாறினார்கள். கடைசியில் 1852ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம், மானியங்களை விசாரிக்கும் இனாம் கமிஷனுக்கான சட்டம், அதற்கு வழி செய்தது. பொது ஒழுக்கத்துக்கு முரணான மானியங்கள் தொடரத் தேவையில்லை என்று அதில் ஒரு விதி இருந்தது. யாரையும் சிறையில் அடைக்கவில்லை, யார் உடையையும் களையவில்லை. குரு செத்ததும் மானியம் நிற்கும், அவ்வளவுதான். 1871 சட்டத்தின் 29ஆம் பிரிவுக்கு ஒத்திகை பம்பாய் வருவாய்த் துறையில் நடந்தது என்று இதனால்தான் சொல்கிறேன்.

அதே 1852இல் வடக்கே மைன்புரி மாவட்டத்தில் ஒரு கொலை நடந்தது. ஆகஸ்ட் மாதத்தில் கொல்லப்பட்டவர் பூரா என்ற ஹிஜ்ரா. இரண்டு சேலாக்களோடும் ஒரு காதலனோடும் வாழ்ந்தவர். பிறப்பு வீடுகளிலும் கல்யாண வீடுகளிலும் ஆடிப் பிழைத்தவர். அந்த ஆளை விட்டு வேறொருவரிடம் போனதால் ஆத்திரத்தில் பழைய காதலனே கொன்றுவிட்டான் என்பது நீதிபதிகளின் முடிவு. இத்தோடு ஒரு கொலை வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் விசாரித்த ஆங்கில நீதிபதிகள் கொலைகாரனை விட்டுவிட்டுக் கொலையுண்டவரின் சமூகத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். இவர்கள் பெண் வேடமிடுபவர்கள், பிச்சைக்காரர்கள், இயற்கைக்கு விரோதமான விபசாரிகள். இப்படியொரு கூட்டம் இருப்பதே ஆங்கில ஆட்சிக்கு இழுக்கு என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர் குற்றவாளியாக மாறும் அந்தத் திருப்பம் வடமேற்கு மாகாண நிர்வாகத்தில் நிலைத்துவிட்டது. 1860களின் நடுவில் கணக்கெடுப்பும் கண்காணிப்பும் தொடங்கின. இந்தச் சமூகம் படிப்படியாக அற்றுப்போக வேண்டும் என்பதை அதிகாரிகள் ஒரு கொள்கையாகவே கோப்புகளில் எழுதிக்கொண்டார்கள். இதைக் கருத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் 29ஆம் பிரிவின் பொருள் விளங்கும். ஒரு சமூகம் அற்றுப்போக வேண்டுமானால் இருப்பவர்களை அடித்து விரட்டுவது மட்டும் போதாது. அடுத்து வருபவருக்கு எதுவும் மிஞ்சக் கூடாது. தத்து இல்லை, காப்புரிமை இல்லை, தானம் இல்லை, உயில் இல்லை. பதிவேட்டில் பெயரோடும் முகவரியோடும் சொத்து விவரமும் எழுத வேண்டும் என்று 24ஆம் பிரிவு கேட்டதும் இதே கணக்கில்தான்.

யாரைப் பதிவது? ஆண்மையற்றவர் என்று தானே ஒப்புக்கொள்பவர், அல்லது மருத்துவப் பரிசோதனையில் அப்படித் தெளிவாகத் தெரிபவர். அவர் மேல் பிள்ளை கடத்தல், ஆண்மை நீக்கம் அல்லது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு சொல்லும் ‘இயற்கைக்கு விரோதமான’ குற்றம் பற்றிய நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். இந்த வரையறைப்படி பார்த்தால் அரண்மனைக் குவாஜாசராவும் தெருவில் ஆடும் ஹிஜ்ராவும் ஒரே வலையில் விழுவார்கள். அறியாமையால் இப்படி எழுதிவிட்டார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வது உண்டு. அது நிற்காது. 1782இல் ஃபைசாபாத்தில் அவத் பேகங்களின் கருவூலத்தைக் கறப்பதற்காக பஹார் அலி கான், ஜவாஹிர் அலி கான் என்ற இரு குவாஜாசராக்களை விலங்கிட்டு வதைத்த விவகாரம் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. 1788இல் தொடங்கிய வாரன் ஹேஸ்டிங்ஸ் விசாரணையில் எட்மண்ட் பர்க் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துப் பேசினார். குவாஜாசரா யார், என்ன பொறுப்பில் இருப்பவர் என்பது கம்பெனிக்குத் தெரியாமல் இல்லை. 1871க்குப் பிறகும் ‘மரியாதைக்குரியவர்கள்’ என்று கருதிய குவாஜாசராக்களைப் பதிவேட்டில் ஏற்றாமல் தவிர்க்க அதிகாரிகள் கவனமாக இருந்தார்கள். அப்படியானால் வேறுபாடு தெரிந்தேதான் வரையறை அகலமாக எழுதப்பட்டது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: சட்டம் ஆணாகப் பிறந்தவர்களை மட்டுமே பேசியது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்தவர்கள் அதன் கண்ணில் படவே இல்லை. திருநம்பிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அரசு ஆவணங்கள் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடைமுறை எப்படி இருந்தது என்பதற்கு 1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கைப் பார்க்கலாம். மொராதாபாத்தைச் சேர்ந்த கைராத்தி, பெண் உடையில் ஒரு குடும்பத்துப் பெண்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். போலீஸ் அவரை மருத்துவரிடம் அனுப்பி உடலைப் பரிசோதிக்க வைத்தது. அந்த மருத்துவக் குறிப்பையும் உடையையும் வைத்தே செஷன்ஸ் நீதிமன்றம் 377ஆம் பிரிவின் கீழ் தண்டித்தது. யாரோடு, எந்த நாளில், எந்த இடத்தில் என்று ஒரு வார்த்தை இல்லை. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்ட்ரெய்ட் விடுதலை செய்தார். குற்றம் நடந்த நேரமும் இடமும் ஆளும் தெரியாமல் தண்டிக்க முடியாது என்பது காரணம். ஆனால் இவரைப் போன்றவர்களைக் கட்டுப்படுத்தப் போலீஸ் முயல்வது பாராட்டத்தக்கதே என்ற தொனியும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. விடுதலை பெற்றவருக்கும் அவமானம் மிச்சம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். பிள்ளைகளைக் கடத்தி ஆண்மை நீக்கியது உண்மைதானே, சிறுவர்களைக் காப்பதற்காக வந்த சட்டத்தை எப்படிக் குறை சொல்வது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஹிஜ்ரா வீடுகளில் சிறுவர்கள் இருந்தார்கள்; பஞ்ச காலங்களில் விற்கப்பட்டு வந்தவர்களும் இருந்தார்கள்; ஆண்மை நீக்கத்தில் உயிர் போவதும் உண்டு. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1862 முதல் நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். கொடுங்காயம் எவை என்று பட்டியலிடும் 320ஆம் பிரிவில் முதலாவதாக இருப்பதே ஆண்மை நீக்கம். கடத்தலுக்கும் அடிமை வாணிகத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் அதே சட்டத்தில் இருந்தன. குற்றம் செய்தவரைப் பிடித்துத் தண்டிக்கத் தேவையான எல்லாம் ஏற்கெனவே கையில் இருந்தது. 1871 சட்டம் புதிதாகச் சேர்த்தது குற்றம் நிரூபிக்கப்படாதவரைத் தண்டிக்கும் வழியை. பிள்ளையைக் காப்பதற்கும் எழுபது வயதுக் குரு ஒருவர் தன் வீட்டை நாற்பது வயதுச் சேலாவுக்கு எழுதி வைக்கக் கூடாது என்பதற்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு அந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்களிடம் பதில் இல்லை.

இரண்டாவது மறுப்பு அளவைப் பற்றியது. இந்தச் சட்டம் வடமேற்கு மாகாணங்கள், பஞ்சாப், அவத் ஆகிய மூன்று பகுதிகளுக்கு மட்டுமே. 1911இல் புதிய குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தபோது ஹிஜ்ராக்களைப் பற்றிய பாகம் கைவிடப்பட்டது. நாற்பது ஆண்டு, மூன்று மாகாணம், இதற்கு இவ்வளவு பாரமா? உண்மையில் இந்தத் தகவல் நம் ஊரில் புழங்கும் ஒரு பிழையையும் திருத்துகிறது. 1871 சட்டம் தமிழகத் திருநங்கையரைக் குற்றப் பரம்பரையாக்கியது, 1952இல்தான் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள் என்று மேடைகளில் சொல்கிறார்கள். சென்னை மாகாணத்துக்கு அந்தச் சட்டம் 1911 வடிவில்தான் வந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது அந்த வடிவை அவர்கள் எதிர்த்ததற்காகத்தான். அதற்குள் ஹிஜ்ரா பாகம் சட்டத்திலிருந்து போய்விட்டது. நம் பகுதியில் திருநங்கையர் மேல் பாய்ந்தது 377ஆம் பிரிவும் காவல் நிலையத்தின் கைவரிசையும். ஒடுக்குமுறை இருந்தது என்று நிறுவுவதற்கு இல்லாத சட்டத்தைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியதில்லை.

ஆனால் ஒரு சட்டத்தின் ஆயுள் அது நீக்கப்பட்ட நாளோடு முடிவதில்லை. 1911இல் ஆங்கிலேயர் கைவிட்ட வாசகத்தை 1919இல் ஹைதராபாத் நிஜாம் அரசு எடுத்துக்கொண்டது. 1329 ஃபஸ்லி ஆண்டுச் சட்டம் என்று வழங்கும் அதில் அதே பதிவேடு, அதே பெண் உடைத் தடை, அதே வாரண்ட் இல்லாத கைது. நிஜாம் போய், ஆந்திரப் பிரதேசம் வந்து, தெலங்கானா பிறந்த பிறகும் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. தெலங்கானா உயர் நீதிமன்றம் 2023 ஜூலை 6 அன்றுதான் அதை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. இதையாவது பழைய தூசி என்று விட்டுவிடலாம். கர்நாடகத்தில் 2011இல் காவல் சட்டத்தில் 36ஏ என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள்: சிறுவர்களைக் கடத்துவதாகவோ ஆண்மை நீக்குவதாகவோ சந்தேகிக்கப்படும் ஹிஜ்ராக்களின் பெயர், முகவரிகளைப் பதிவேட்டில் ஏற்றும் அதிகாரம். 1871இன் வாசகம் 140 ஆண்டு கழித்து, சுதந்திர இந்தியாவின் சட்டமன்றத்தில். நீதிமன்றத்துக்குப் போன பிறகு 2016இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘நபர்’ என்று மாற்றினார்கள். மூன்று மாகாணத்துக்கான சட்டம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வாரிசுத் தடையின் விளைவு இன்னும் ஆழமானது, ஆனால் ஆவணத்தில் பிடிபடாதது. இங்கே நான் சொல்வதை அனுமானம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி வைக்க முடியாத சொத்து வாய்வழியாகத்தான் கைமாறும். வாய்வழியாகக் கைமாறும் சொத்தில் யாருக்கு என்ன பங்கு என்பதை மூத்தவர்களின் பஞ்சாயத்துதான் தீர்மானிக்கும். அப்போது குருவின் பிடி இறுகும். சேலாவின் கடனுக்கும் அபராதத்துக்கும் கணக்குக் கேட்க இடமிருக்காது. ஜமாத் முறையைச் சுரண்டல் என்று விமர்சிப்பவர்கள், அவர்களில் திருநங்கையர் பலரும் உண்டு, சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனாலேயே சட்டம் இந்த முறையை ஏற்கக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்வதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. மாமியார் கொடுமை இருக்கிறது என்பதற்காகத் திருமணத்தைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தினோமா? உள்ளே கொண்டுவந்ததால்தான் வரதட்சணைத் தடையும் ஜீவனாம்சமும் குடும்ப வன்முறைச் சட்டமும் சாத்தியமாயின. உறவைச் சட்டம் ஒப்புக்கொண்டால்தான் அந்த உறவில் நலிந்தவர் வழக்குப் போட முடியும்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் பாலினத்தைத் தீர்மானிக்கும் உரிமை அவரவர்க்கே உண்டு என்றது. அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றது. 1871 சட்டத்தின் கொடுமையையும் கைராத்தி வழக்கையும் அத்தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அடுத்த ஆண்டே திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அதை நகரவிடவில்லை. அரசு தன் பங்குக்கு 2016இலும் 2018இலும் கொண்டுவந்த வரைவுகளைக் கடந்து 2019இல் நிறைவேற்றிய திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதைப் பற்றியே அந்தச் சட்டத்தின் மீதான விவாதம் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி வந்தது. அது தேவையான விவாதம்தான். ஆனால் நம் கேள்விக்கான விடை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. நிறைவேறிய வடிவில் அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு குடும்பம் என்பதை இரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து ஆகியவற்றால் இணைந்தவர்கள் என்று வரையறுத்தது. 12ஆம் பிரிவு, பெற்றோரோ நெருங்கிய குடும்பமோ பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றம் அவரை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. பிறந்த வீடு, இல்லாவிட்டால் அரசு மையம். நடுவில் நூற்றாண்டுகளாக இருக்கும் குருவின் வீடு சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

இப்போதுதான் யார் வேண்டுமானாலும் உயில் எழுதலாமே, இனி என்ன குறை என்பது கடைசி மறுப்பு. எழுதலாம். ஆனால் உயில் எழுதாமல் இறப்பவர்கள்தான் இந்தியாவில் அதிகம், திருநர்களும் அதற்கு விலக்கல்ல. அப்போது பொதுவான வாரிசுச் சட்டம் வரும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பட்டியலில் குருவும் இல்லை, சேலாவும் இல்லை. பதினைந்து வயதில் வீட்டை விட்டுத் துரத்திய அண்ணன் தம்பிகள் அறுபது வயதில் வந்து சொத்து கேட்டால் சட்டம் அவர்கள் பக்கம்தான் சாயும். ஆஸ்பத்திரியில் ஒப்புதல் கையெழுத்துப் போடுவதற்கும் பிணத்தை வாங்கி அடக்கம் செய்வதற்கும் உறவுமுறை கேட்கிறார்கள். சேலா என்ற உறவுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. உத்தரப் பிரதேசம் 2020இல் தன் வருவாய்ச் சட்டத்தைத் திருத்தி, விவசாய நிலத்தில் திருநர்களுக்கும் வாரிசுரிமை உண்டு என்றது. ஒரு காலத்தில் வடமேற்கு மாகாணமாகவும் அவத்தாகவும் இருந்த அதே மண்ணில் நடந்த திருத்தம் என்பதால் வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் அது பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு கொடுக்கிறது. தான் தேர்ந்த வீட்டைப் பற்றிப் பேசவில்லை. 2016இல் இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் குரு–சேலா வழக்கத்தின்படியான வாரிசுரிமையை ஏற்றது. ஒரு மாநில நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் வென்றதை நாடு முழுமைக்குமான சட்டம் என்று சொல்லிவிட முடியாது.

சட்டமன்றங்கள் தயங்கும் இடத்தில் நீதிமன்றங்கள் முன்னே போயிருக்கின்றன, அதில் நம் உயர் நீதிமன்றத்துக்குத் தனிப் பங்கு உண்டு. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்பது திருநங்கையையும் உள்ளடக்கும் என்று ஒரு தூத்துக்குடித் தம்பதியின் வழக்கில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஆண்–பெண் உறவிலுள்ள திருநர்கள் நடப்பிலுள்ள சட்டங்களின்படியே மணம் செய்துகொள்ளலாம் என்றது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வேறொரு வழக்கில், குடும்பம் அமைப்பதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தும் சட்டத்துக்கு உட்பட்டதே என்றது. தமிழ்நாடு 2008இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்து நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம். அந்த வாரியத்தின் விண்ணப்பப் படிவத்திலும், அரசு மருத்துவமனைகளின் ஒப்புதல் படிவத்திலும் குருவையும் சேலாவையும் உறவாகக் காட்ட ஒரு கட்டம் சேர்ப்பதற்கு நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். அதை இந்த ஆண்டே செய்ய வேண்டும்.